வருங்கால மாமியார் வீட்டில் முதல் விருந்து

கேள்வி: எனக்கு 28 வயது. நான்கு வருடப் பழக்கத்துக்குப் பிறகு நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். அவர் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஆனால் இதுவரை வீடியோ காலில் இரண்டு தடவை "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டதோடு சரி. வரும் பண்டிகைக்கு அவர் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். "நீயும் சாப்பிட வந்துடு" என்று அவருடைய அம்மா கூப்பிட்டிருக்கிறார். பெரியப்பா, சித்தி, அக்கா, அக்கா குழந்தைகள் என்று பதினாலு பேர்! எனக்கு அதிகம் பேச வராது. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். சாப்பிடும்போது டிவி கூட ஓடாது. அவர் வீட்டிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்களாம். எனக்கு வேர்க்கடலை ஒவ்வாது, அதை எப்படிச் சொல்வது? என்ன வாங்கிப் போவது? சமையலறைக்குள் போகலாமா? அவர்களை என்னவென்று கூப்பிடுவது? உம்மணாமூஞ்சி என்று நினைத்துவிடுவார்களோ என்று இப்போதே தூக்கம் வரவில்லை. அவரைக் கேட்டால், "நீ நீயா இரு, போதும்" என்கிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் வருங்காலக் கணவர் மேல் எனக்கு ஒரு சின்னக் கோபம். "நீ நீயா இரு" என்று சொல்வது அவருக்குச் சுலபம். அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. எந்த நாற்காலியில் அப்பா உட்காருவார், எந்தப் பேச்சை எடுத்தால் பெரியப்பா எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். உங்களுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அதனால் இந்த விருந்துக்கான தயாரிப்பை உடையிலோ பரிசுப் பையிலோ தொடங்காதீர்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள்.

ஒரு சாயங்காலம் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் நிஜமாகவே பன்னிரண்டரையா, இல்லை இரண்டு மணியா? எல்லோரும் சேர்ந்து உட்காருவார்களா, பந்தி பந்தியாகவா? யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை? சமீபத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா, வேலை போனதா, பரீட்சையில் தவறியதா? எந்தப் பேச்சை நான் எடுக்கவே கூடாது? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்க வீட்ல எல்லாரும் ஜாலி டைப்" என்று அவர் சொன்னால் விடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள். ஒரு பிரச்சினையும் இல்லாத குடும்பத்தை இருபத்திரண்டு வருட ஆலோசனைத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் இப்படி ஒரு விருந்தில் பெண்ணின் சித்தியிடம் மிக மரியாதையாக, "சித்தப்பா வரலையா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம். மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டதாம். அந்தப் பெண் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மறந்துவிட்டாளாம்! தப்பு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசடு வழிந்தவர் அவர்தான்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பதினாலு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதானே பயம்? பார்ப்பார்கள்தான், அதிகபட்சம் முதல் பத்து நிமிடம். அதற்குப் பிறகு அவருடைய அம்மாவின் கண் போகிற இடம் வேறு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தன் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இவளோடு இருக்கும்போது அவன் எப்படி இருக்கிறான்? முகம் தெளிவாக இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு வார்த்தைக்கும் இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசுகிறானா? நம் வீட்டில் இருந்த பையன்தானா இவன்? கல்யாணம் பேசி முடித்த பெற்றோர் எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். வரப்போகிறவரின் படிப்பைப் பற்றியோ அழகைப் பற்றியோ இரண்டு வாக்கியம்தான் சொல்வார்கள். "அவ வந்தா இவன் சிரிக்கிறான் மேடம்" என்பதை இருபது நிமிடம் சொல்வார்கள்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும். அவர் ஏதோ கதை சொல்லும்போது, "இல்லப்பா, அது செவ்வாய்க்கிழமை" என்று திருத்தாதீர்கள். அவருடைய சோம்பலைப் பற்றி எல்லோரும் கிண்டல் செய்தால் சிரியுங்கள், ஆனால் உங்கள் பங்குக்கு ஒன்றை எடுத்துவிடாதீர்கள். அவர்கள் கேலி செய்யலாம், அது அவர்கள் பையன். நீங்கள் செய்தால் அது புகார். ரொம்ப முக்கியமாக, "நான் வந்த பிறகுதான் இவர் நேரத்துக்குச் சாப்பிடுறார்" என்பது மாதிரி எதையும் சொல்லிவிடாதீர்கள். பெருமையாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இருபத்தைந்து வருடம் சோறு போட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து பேச்சு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்களாம்" என்கிற வரி. 1978-இல் அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டானன் ஒரு விருந்துப் பேச்சை அப்படியே டேப்பில் பதிவு செய்து ஆராய்ந்தார். அதுவும் ஒரு பண்டிகை விருந்துதான். அங்கே நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள். அவரையும் சேர்த்து ஆறு பேர். அதில் நியூயார்க்கில் வளர்ந்த மூன்று பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, குறுக்கே கேள்வி கேட்டு, சத்தமாகப் பேசினார்கள். மற்ற மூவரும் இன்னொருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற ரகம். அந்த இடைவெளி வரவே இல்லை. நியூயார்க்காரர்களுக்கு அது பிரமாதமான பேச்சு. மற்றவர்களுக்குத் தங்களைப் பேசவே விடவில்லை என்கிற எண்ணம். டானன் கண்டுபிடித்தது என்னவென்றால், குறுக்கே பேசியவர்கள் அதை மரியாதைக் குறைவாக நினைக்கவே இல்லை. "உன் பேச்சில் நான் முழுசாக இருக்கிறேன்" என்பதற்கு அவர்களிடம் இருந்த அடையாளமே அதுதான். ஒருவர் குறுக்கிட்டால் மற்றவர் நிறுத்தாமல் தொடர்ந்து பேசினார். காத்திருப்பவர்களின் பேச்சில் குறுக்கிட்டபோதுதான் அவர்கள் நிறுத்திவிட்டு உள்ளுக்குள் சுருங்கினார்கள்.

உங்கள் வீடு காத்திருக்கிற வீடு. அவர் வீடு குறுக்கிடுகிற வீடு. நீங்கள் வாயைத் திறந்ததும் சித்தி உள்ளே புகுந்து, "ஆமா ஆமா, எனக்கும் அப்படித்தான்" என்று ஆரம்பித்தால் உங்களை அமுக்குகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்த்துக்கொள்கிறார். நீங்களும் கத்திப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை, அது உங்களுக்கு வராது, வந்தாலும் செயற்கையாக இருக்கும். பதினாலு பேர் பேச்சில் கலந்துகொள்ள முயலாமல் பக்கத்தில் இருக்கிற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எப்போதும் ஓர் ஓரத்தில் யாராவது இருப்பார்கள். காது சரியாகக் கேட்காத தாத்தாவாக இருக்கலாம், போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பையனாக இருக்கலாம், குழந்தைக்கு ஊட்டியபடியே தானும் அரைகுறையாகச் சாப்பிடும் அக்காவாக இருக்கலாம். அங்கே போய் உட்காருங்கள். குறிப்பாக அந்த அக்கா. அவர் தட்டு ஆறிக்கொண்டிருக்கும். "குழந்தைய என்கிட்ட குடுங்க அக்கா, நீங்க சாப்பிடுங்க" என்பதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. குழந்தை உங்களிடம் வர வேண்டுமே என்கிறீர்களா? வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது பதிவாகிவிடும்.

என்ன பேசுவது? கேளுங்கள். கேட்டதற்கு வந்த பதிலிலிருந்தே இன்னொன்றைக் கேளுங்கள். 2017-இல் ஹார்வர்டில் கேரன் ஹுவாங் குழுவினர் செய்த ஆய்வில், நிறையக் கேள்வி கேட்பவர்களை, அதிலும் எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பவர்களைத்தான் மற்றவர்களுக்குப் பிடித்திருந்தது. "அங்கிள், நீங்க எங்க வேலை பார்த்தீங்க?" என்பது விசாரணை. அவர் பதில் சொன்ன பிறகு, "அப்ப தினமும் அவ்வளவு தூரம் போய்ட்டு வந்தீங்களா?" என்பதுதான் பேச்சு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது வசதி கூட. உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் அளக்க வேண்டியதில்லை.

உங்களிடமும் கேள்விகள் வரும், தயாராக இருங்கள். சம்பளம் எவ்வளவு, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாயா, குழந்தை எப்போது? முதல் விருந்தில் உங்கள் கொள்கைகளை விளக்கி வெல்ல வேண்டிய அவசியம் இல்லை, பொய்யும் சொல்ல வேண்டாம். "அதை நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கோம் பெரியப்பா" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும். மூன்றாவது தடவையும் அதே கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் அவர். அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்: "நான் உன்னைத் திரும்பிப் பார்த்தா நீ பேசணும்." இந்த ஒப்பந்தம் இல்லாமல் போகாதீர்கள்.

வேர்க்கடலை விஷயத்தில் மட்டும் கூச்சமே கூடாது. அது விருப்பு வெறுப்பு இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு வாரம் முன்பே அவர் தன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். "அவளுக்குப் பிடிக்காது" என்று சொல்லக் கூடாது. "சாப்பிட்டா ஒவ்வாது, எண்ணெயிலயும் அரைச்சு விடறதிலயும் கூட இருக்கக் கூடாது, அதே கரண்டியையும் போடக் கூடாது" என்று விவரமாகச் சொல்ல வேண்டும். பரிமாறும் நேரத்தில் சொன்னால் காலையிலிருந்து அடுப்படியில் நின்றவரின் முகம் வாடிவிடும். உங்களுக்கும் எதைத் தொடுவது என்று பயமாக இருக்கும். முன்பே தெரிந்தால் அவரே, "இது உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்பார். அப்படித் தனியாக எடுத்து வைத்தவருக்கு உங்கள் மேல் கொஞ்சம் பாசம் கூடியே இருக்கும். மனித மனசு அப்படி. சந்தேகமாக இருந்தால் அங்கேயும் கேளுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தைக் கைப்பையில் வையுங்கள், அது எங்கே இருக்கிறதென்று உங்கள் அவருக்கும் தெரியட்டும்.

மற்றபடி சாப்பாட்டில் ஒரே ஒரு தந்திரம்: முதலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, பிடித்த ஒன்றை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள். புகழ்ச்சி எல்லாம் அப்புறம்தான். ஒரு மாப்பிள்ளைப் பையன் விருந்து முழுக்க "சூப்பர் ஆன்ட்டி, சூப்பர் ஆன்ட்டி" என்றாராம். பெண்ணின் அம்மா பிறகு என்னிடம் சொன்னது: "வாய் ஓயல, ஆனா தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு."

பரிசுக்கு ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். விலை கூடினால் மகிழ்ச்சி கூடும் என்பது கொடுப்பவரின் கணக்கு மட்டும்தான் என்று ஃபிளின், ஆடம்ஸ் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வாங்கியவர்களின் சந்தோஷத்துக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. என் கணக்கு வேறொன்று: வாங்கிய கையோடு அவருக்கு ஒரு வேலை வைக்காத பரிசாக இருக்கட்டும். உடனே தண்ணீரில் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் இடம் பண்ண வேண்டும், பதினாலாகப் பங்கு போட வேண்டும் என்றால் அந்த நெருக்கடியில் அது சுமை. உடை பற்றி ஒரே வரி: ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும், புதுசை அங்கே போய்ச் சோதிக்க வேண்டாம்.

சமையலறைக்குப் போகலாமா? இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. முதல் தடவை என் மாமியார் வீட்டுக்குப் போனபோது, நல்ல பேர் வாங்கும் வெறியில் விருந்து முடிந்ததும் யாரையும் கேட்காமல் பாத்திரத்தை எல்லாம் தேய்த்துத் துடைத்து, எனக்குத் தோன்றிய இடத்தில் அடுக்கி வைத்துவிட்டேன். அவருடைய பெரிய அடுக்கின் மூடி மூன்று நாள் கிடைக்கவில்லை. தினமும் என் கணவருக்கு போன்: "அந்தப் பொண்ணு மூடியை எங்கடா வச்சா?" கடைசியில் முறத்துக்குப் பின்னால் இருந்தது. மற்றவர் சமையலறை என்பது வெறும் அறை இல்லை, ஒருவருடைய ஞாபகம். வாசலில் நின்று, "அத்தை, நான் எதை எடுத்துட்டுப் போகட்டும்?" என்று கேளுங்கள். "நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "வேண்டாம்மா, நீ போய் உக்காரு" என்பதுதான் பதிலாக வரும். தண்ணீர் ஜக்கை எடுத்துப் போவது, காலித் தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பது மாதிரி கண்ணுக்குத் தெரிகிற வேலையைக் கையில் எடுங்கள். இரண்டாவது தடவையும் "உக்காரு" என்றால் உட்கார்ந்துவிடுங்கள். மூன்றாவது தடவை கேட்பது உதவி இல்லை, பிடிவாதம்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்கள் மட்டும் ஓடியாடிக்கொண்டிருக்க, உங்கள் அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். ஆனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்குப் போவது நீங்கள் தேர்வாவதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

என்னவென்று கூப்பிடுவது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உள்ளே நுழைந்ததும் அவர் அம்மாவிடமே, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். அத்தை என்று சொன்னால் அத்தை, அம்மா என்று சொன்னால் அம்மா. ஆனால் அவர் சொல்வதற்கு முன் நீங்களாக "அம்மா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரே நாளில் மகளாகிவிட வேண்டும் என்கிற அவசரம் நிறையப் பெண்களுக்கு இருக்கிறது. டெர்ரி ஆர்பக் என்ற சமூகவியலாளர் மிச்சிகனில் 1986-இல் புதிதாகக் கல்யாணமான 373 தம்பதிகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார். மனைவியின் பெற்றோரோடு நெருக்கமாக இருந்த கணவர்களின் திருமணங்களில் முறிவு வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்தது. கணவனின் பெற்றோரோடு ஆரம்பத்திலேயே மிக நெருக்கமான மனைவிகளின் திருமணங்களில் அது 20 சதவீதம் அதிகம்! அவர் சொன்ன காரணம்: ரொம்ப நெருங்கிவிட்ட பிறகு பெண்களால் எல்லைக்கோடு போட முடிவதில்லை, மாமியார் யதார்த்தமாகச் சொல்வது கூடத் தலையீடாகப் படுகிறது. ஓர் ஊரில் எடுத்த கணக்கை எல்லோர் தலையிலும் கட்ட முடியாதுதான். ஆனால் என் அறைக்கு வந்தவர்களில் "முதல் வருஷம் நாங்க அம்மா பொண்ணு மாதிரி இருந்தோம்" என்று தொடங்கி அழுதவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. நல்ல விருந்தாளியாக இருங்கள் இப்போதைக்கு. மகளாவதற்கு வருடங்கள் கிடக்கின்றன.

கிளம்பும் நேரத்தையும் அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு ஓடுவதும் நன்றாக இருக்காது, வீட்டார் கொட்டாவி விடும் வரை உட்காருவதும் நன்றாக இருக்காது.

அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "அப்போ ஏன் அப்படிச் சொன்னேன், பெரியப்பா ஏன் சிரிக்கல" என்று ரீல் ஓடும். 2018-இல் எரிகா பூத்பியும் அவர் குழுவினரும் முன்பின் தெரியாதவர்களைப் பேச வைத்து, பிறகு இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள்: உனக்கு அவரைப் பிடித்ததா, அவருக்கு உன்னைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறாயா? இருவருமே தங்களை மற்றவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இன்னும் குறைத்து. ஆகவே அன்றிரவு உங்கள் மனசு போடும் மார்க்கை நம்ப வேண்டாம். அவரிடமும் "உங்க அம்மா என்ன சொன்னாங்க, நிஜமா என்ன சொன்னாங்க" என்று பதினோரு மணிக்குக் குடையாதீர்கள்.

மறுநாள் காலை அவர் அம்மாவுக்கு இரண்டு வரி அனுப்புங்கள். பொதுவாக நன்றி என்று போடாமல், அங்கே நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லி: எனக்காகத் தனியாக எடுத்து வைத்தீர்களே, அதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன் என்பது மாதிரி. அனுப்பிவிட்டு ப்ளூ டிக் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பதினாலு பேர் சாப்பிட்டுப் போன வீட்டில் மறுநாள் மத்தியானம் வரை யாரும் போனைக் கையில் எடுக்க மாட்டார்கள்.